திகில் போர்டு கேம்: திரும்பத் திரும்ப எடுத்து ஆட வைப்பது எது?

நூல்கண்டு, திருப்பூர்

வணக்கங்க. காசு போடுவதற்கு முன்னால், ஆடிப் பழகியவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை. ஷிப்மென்ட் நெருக்குகிற வாரங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட போர்டு கேம் ஆடுவதை யாருக்காகவும் விடுவதில்லை. கொழுந்தனார், அவர் சம்சாரம், அவிநாசியிலிருந்து வருகிற என் சித்தி பெண் என்று ஐந்து பேர் கூடுவோம். எல்லோருக்கும் பேய்க்கதை என்றால் உயிர்.

எங்களிடம் இருப்பது ‘பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் த ஹில்’, இரண்டாம் பதிப்பு. முதன்முதலில் ஆடிய அன்றைக்கு வீடே அமைதியாகிவிட்டது. ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டே போய், திடீரென்று பேய் கிளம்பி, கொழுந்தனார் சம்சாரம் துரோகி, அதாவது மற்ற எல்லோருக்கும் எதிராளி, என்று ஆகி, அவர் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்ப் படித்துவிட்டு வந்தாரே, அந்தச் சில நிமிடம் எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அதற்காகவே அதை வாங்கினேன் என்று தோன்றியது.

இப்போது அந்தப் பெட்டி பரணில் இருக்கிறது. ‘அதை எடுக்கலாமா’ என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆனால் யாரும் எழுந்து போய் எடுப்பதும் இல்லை. பேய் கிளம்பும் வரைக்கும் எப்போதும் ஒரே மாதிரி போகிறது. கதவைத் திற, சீட்டை எடு, பகடையை உருட்டு. கிளம்பிய பிறகு சில நாள் விறுவிறுப்பு, சில நாள் இரண்டே சுற்றில் முடிந்துவிடுகிறது. இதற்கு நடுவில், புதிர்களை அவிழ்த்துத் தப்பித்துப் போகும் வகைப் பெட்டி ஒன்று வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சீட்டையெல்லாம் வெட்டி மடித்தாகிவிட்டது, ஒரே நாளோடு சரி.

தீபாவளி போனஸில் ஒரு பெட்டி வாங்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். வருசக்கணக்கில் ஆட வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? கதைகள் நிறைய இருக்க வேண்டுமா? பெரிய பெரிய பொம்மைகள் வருகிறதே, அது உதவுமா? போனில் ஆப் வைத்து ஆடுவது எப்படி? ஒரு திகில் ஆட்டத்தை மறுபடி எடுக்க வைப்பது எது என்று உங்கள் அனுபவத்தில் சொல்லுங்க.

மஞ்சள்மண்டி, ஈரோடு

கதை நிறைய இருக்கிறதையே வாங்குங்க. கையில் இருக்கிற பிட்ரேயலிலேயே 50 பேய்க்கதைகள் உண்டு, ஐந்து பேரும் சேர்ந்து அதில் பாதியைக் கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். 2016இல் அதற்கென்று வந்த ‘விடோஸ் வாக்’ கூடுதல் பெட்டியைச் சேர்த்தால் இன்னும் 50. பொம்மைகளுக்குக் காசு போடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், வைக்க இடம்தான் இருக்காது.

என்னிடம் ‘ஹாரிஃபைட்’ இருக்கிறது. அதுவும் குடும்பத்தோடு ஆட நல்லது.

கொடிவேரிக்கரை, கோபிச்செட்டிபாளையம்

அம்மணி, உங்கள் கேள்வியைப் படித்ததும் நிறைய எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒறம்பரை கூடினால் நாங்களும் இதைத்தான் ஆடுகிறோம். வாங்கிய பெட்டிகளில் எது மேசையிலேயே இருக்கிறது, எது அலமாரிக்குப் போய்விடுகிறது என்று நீண்ட நாளாகக் கவனித்து வருகிறேன்.

ஈரோட்டுத் தம்பி சொல்வதிலிருந்து நான் வேறுபடுகிறேன். எழுதி வைத்த பயம் ஒரு முறைக்குத்தான். ஒரு சீட்டில் ‘உன் பிடரியில் யாரோ மூச்சு விடுகிறார்கள்’ என்று இருக்கிறது. முதல் தடவை எடுத்தவர் குரலைத் தாழ்த்தி வாசிப்பார், எல்லோரும் கேட்போம். அடுத்த தடவை அதே சீட்டு வந்தால் அந்த வரியை விட்டுவிட்டு, கீழே இருக்கிற ‘எத்தனை பகடை, எவ்வளவு இழப்பு’ என்பதை மட்டும் படிப்பார். உங்கள் வீட்டில் எப்போதிருந்து அப்படிப் படிக்க ஆரம்பித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாளோடு அந்த ஆட்டத்தின் எழுத்து தீர்ந்துவிட்டது. ஐம்பது கதையோ நூறு கதையோ, அது தீர எத்தனை நாள் ஆகும் என்பதற்குத்தான் கணக்கு.

பிட்ரேயலின் முதல் பாதி ஒரே மாதிரி போகிறது என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் பகடையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பகடையிலும் சைபர், ஒன்று, இரண்டு மட்டும்தான். இரண்டாம் பதிப்பில் சகுனச் சீட்டு எடுக்கும்போதெல்லாம் ஆறு பகடையை உருட்டுகிறோம். வந்த கூட்டுத்தொகை, வெளியே வந்திருக்கிற சகுனங்களின் எண்ணிக்கையை விடக் குறைந்தால் பேய் கிளம்பும். ஆறு பகடையின் சராசரி ஆறு. ஆகவே முதல் மூன்று சகுனங்களுக்குள் கிளம்புவது மிகவும் அபூர்வம். பெரும்பாலும் ஐந்து, ஆறு என்று வந்த பிறகுதான். அதாவது நீங்கள் பயந்து பயந்து உருட்டுகிற முதல் சில உருட்டல்களில் பயப்பட ஒன்றுமே இல்லை. சில முறை ஆடியதும் மனசுக்கு அது தெரிந்துவிடும், கணக்குப் போடாமலேயே. 2022இல் வந்த மூன்றாம் பதிப்பில் எத்தனை சகுனமோ அத்தனை பகடை உருட்டி, ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் கிளம்பும் என்று மாற்றினார்கள். அதிலும் இரண்டு பகடையில் நாலுக்கு மேல் வராது என்பதால் மூன்றாவது சகுனம் வரை நிம்மதிதான்.

இரண்டே சுற்றில் முடிவதற்கும் காரணம் உண்டு. எந்த அறையில், எந்தச் சகுனத்தில் கிளம்பியது என்று பார்த்துத்தான் கதை முடிவாகிறது. யார் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது, எத்தனை அறை திறந்திருக்கிறது என்பதைக் கதை எழுதியவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் சில நாள் துரோகிக்கு மூச்சு விடவும் நேரமிருக்காது, சில நாள் மற்றவர்களுக்கு. முதல் முறை ஆடுகிறவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல, கதை போதும். திரும்ப ஆடுகிறவர்களுக்குத்தான் உறுத்தும்.

சரி, எழுத்து தீர்ந்த பிறகும் தீராமல் இருப்பது எது?

என் பதில் இதுதான்: மேசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு ஏதோ ஒன்று தெரியும், எனக்குத் தெரியாது, ஆனால் நான் இப்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்த நிலைமையை ஒரு ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் உண்டாக்கினால் அதில் எழுத்தே இல்லாவிட்டாலும் பயம் வரும்.

‘நெமசிஸ்’ என்று ஒரு ஆட்டம், 2018இல் வந்தது. விண்கலத்தில் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறோம், உள்ளே ஏதோ ஜந்து உலாவுகிறது. அதில் ஜந்து எனக்குப் பெரிதாகப் படவில்லை. எஞ்சின் அறைக்கு ஒருவர் போய், எஞ்சின் ஓடுகிறதா பழுதா என்று கவிழ்த்து வைத்த வில்லையைத் தான் மட்டும் பார்க்கிறார். திரும்பி எங்களைப் பார்த்து ‘ஓடுதுங்க’ என்கிறார். அவர் சொன்னது நிஜமா என்று தெரியாது. அவருடைய ரகசிய இலக்கு நாங்கள் யாரும் ஊர் போய்ச் சேரக்கூடாது என்பதாகக் கூட இருக்கலாம். நானே போய்ப் பார்க்கலாம் என்றால் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கேட்குமா என்று உருட்ட வேண்டும். அந்த ‘ஓடுதுங்க’ இருக்கிறதே, ஒவ்வொரு ஆட்டத்திலும் அது புதிது. சொல்லும் ஆள் வேறு, அவருக்கு அன்றைக்கு இருக்கும் காரணம் வேறு.

‘ஃபியூரி ஆஃப் டிராகுலா’ இன்னும் பழையது, முதல் பதிப்பு 1987. ஐரோப்பா வரைபடம், ஒருவர் டிராகுலா, மற்றவர்கள் நான்கு வேட்டைக்காரர்களை ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக்கொள்வார்கள். டிராகுலா எந்த ஊரில் இருக்கிறான் என்று சொல்ல மாட்டான். ஊர்ச் சீட்டுகளைக் கவிழ்த்து ஆறு இடங்கள் வரை ஒரு தடமாக வரிசையாய் வைத்துக்கொண்டே போவான். அந்த ஆறில் ஏதாவது ஒரு ஊருக்கு நாம் போய் நின்றால் அந்தச் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். எங்கள் அக்கா மகன் டிராகுலாவாக உட்கார்ந்தால் முகத்தில் ஒன்றுமே தெரியாது. வியன்னாவில் போய் நின்று, அவன் மெதுவாக ஒரு சீட்டைத் திருப்பி ‘நாலு நகர்வுக்கு முன்னாடி இங்கதான் இருந்தேன் மாமா’ என்று சொல்லும்போது வரைபடத்தைப் பார்ப்போம். நாலு நகர்வில் எங்கெங்கே போயிருக்கலாம்? அதில் ஒரு ஊரில் எங்கள் ஆள் ஒருவர் அடிபட்டுத் தனியாக நிற்கிறார், பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. இரவில் டிராகுலாவுக்குப் பலம் அதிகம். ஒரு வரி கதை வாசிக்கவில்லை பாருங்கள். கணக்குதான். ஆனால் எங்கள் அம்மா அந்த இடத்தில் எழுந்து வந்து பின்னால் நின்றுகொள்வார், என்ன ஆகிறதென்று பார்க்க.

இது நமக்குப் புதிதும் அல்ல. கோயில் கல்தரையில் வெட்டி வைத்திருக்கிற ஆடுபுலி ஆட்டம் இதே குடும்பம்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கத்துக்கும் வேலை வேறு, ஜெயிக்கிற வழி வேறு. ஆடு வைத்து ஆடியவர் புலிக்கு மாறினால் அதே கல்லில் வேறு ஆட்டம். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. டிராகுலா மாதிரி ஆட்டங்களைச் செய்தவர்கள் மறைப்பை மட்டும் சேர்த்தார்கள்.

பொம்மை, ஆப் பற்றிக் கேட்டீர்கள். பொம்மை பற்றித் தம்பி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆப் விஷயத்தில், ‘மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்ற துப்பறியும் திகில் ஆட்டத்தின் முதல் பதிப்பில் (2011) ஒரு ஆள் பேய்ப்பக்கம் உட்கார்ந்து ஆடினார். 2016இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வேலையை ஆப் எடுத்துக்கொண்டது. வசதிதான், சண்டை சச்சரவு கிடையாது, பின்னணி இசை நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் நான்கு கதை. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கதையில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதோடு ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனைப் பார்க்கிறோம். வாரம் முழுக்க முகம் பார்க்காத வீட்டில் அது வேண்டாம் அம்மணி.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், கடையில் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு முறை எங்காவது ஆடிப் பார்த்தால் தெரியும். தோற்ற பிறகு சாப்பிட உட்காரும்போது என்ன பேசுகிறீர்கள்? ‘பகடை சரியில்லை’ என்று முடிந்துபோனால் அந்த ஆட்டம் தங்காது. ‘நீ அந்த வாசலில் நின்னிருக்கக் கூடாது’, ‘அப்பவே உன்னைச் சந்தேகப்பட்டேன்’ என்று இட்லி ஆறுகிற வரைக்கும் பேச்சு ஓடினால், அதை அடுத்த வாரமே எடுப்பீர்கள்.

நூல்கண்டு, திருப்பூர்

அண்ணா, ரொம்ப நன்றிங்க. சீட்டின் கீழ் வரியை மட்டும் படிப்பது எங்கள் வீட்டில் அப்படியே நடக்கிறது.

இரண்டு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்று, என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லவே வராது. துரோகி ஆனால் காது சிவந்துவிடும். இரண்டு, நாத்தனார் மகன் 8 வயது, விடுமுறைக்கு வந்தால் அவனும் உட்கார வேண்டும் என்பான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது, திங்கட்கிழமை வெள்ளென எழ வேண்டும். டிராகுலா, நெமசிஸ் எல்லாம் எவ்வளவு நேரம்?

தேயிலைமழை, வால்பாறை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோபி அண்ணா சொல்வதில் பாதியை நான் ஏற்கவில்லை. ‘தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்’ என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது.

நான் தனியாக ஆடுகிறவள். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் மழை பிடித்தால் நாள்கணக்கில் வெளியே போக முடியாது, கூட ஆட ஆளும் இல்லை. என் மேசையில் பொய் சொல்ல யாருமே கிடையாது, இருந்தும் திரும்பத் திரும்ப ஆடுகிறேன், திரும்பத் திரும்பப் பயப்படுகிறேன்.

2016இல் வந்த ‘ஆர்க்கம் ஹாரர்’ சீட்டாட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பகடை கிடையாது. ஒரு பையில் வில்லைகள் போட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்றை எடுக்க வேண்டும். பல நம் பலத்தைக் குறைக்கும் எண்கள், சில அடையாளங்கள், ஒன்றே ஒன்று என்ன செய்தாலும் தோல்வி என்கிற வில்லை. எளிது முதல் மிகக் கடினம் வரை நான்கு நிலை உண்டு, எந்த நிலைக்கு எந்த வில்லைகள் என்று புத்தகத்தில் இருக்கிறது. பையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நானே எண்ணிப் போட்டேன். கையை உள்ளே விடும்போது விரலுக்கு நடுவில் உருளுகிறதே, அதில் அந்த ஒன்றும் இருக்கிறது என்று தெரிவதுதான் பயம். தெரியாமல் இருந்திருந்தால் சும்மா ஒரு வில்லை எடுத்திருப்பேன்.

கதையும் அப்படித்தான். முதல் பெட்டியில் மூன்று அத்தியாயம். முடிவு தெரிந்த பிறகு வேறு ஒரு ஆளை எடுத்து, வேறு சீட்டுக்கட்டு சேர்த்து மறுபடி போனேன். முதல் முறை சண்டைக்காரராகப் போனபோது கவலையே இல்லாமல் கடந்த ஒரு அறையை, அடுத்த முறை உடம்பில் தெம்பில்லாத நூலகக்காரியாகப் போனபோது கடக்கப் பயந்தேன். உள்ளே என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வந்த பயம் அது.

‘ஃபைனல் கேர்ள்’ என்று 2021இல் வந்தது, ஒருவர் மட்டும் ஆடுவதற்கென்றே செய்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கொலைகாரன், ஒரு இடம். ஒரு பெட்டியின் கொலைகாரனை இன்னொரு பெட்டியின் இடத்தில் விடலாம். கூடாரங்கள் இருக்கிற முகாமில் தெரிந்துவைத்த ஆள், வேறு இடத்துக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுகிறான்.

எனக்குக் காங்கேயம் பக்கம். சின்ன வயதில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவார்கள், ராத்திரி ராத்திரியாகப் போகும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள் என்று தெரியாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் கூட இருக்க மாட்டார்கள். தெரிந்துதான் வருசா வருசம் உட்காருகிறார்கள், அந்த இடம் நெருங்க நெருங்கத்தான் அருள் வந்து விழுகிறார்கள். புதுக்கதை கேட்டு யாரும் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

கொடிவேரிக்கரை, கோபிச்செட்டிபாளையம்

தங்கச்சி, அண்ணன்மார் கதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய், இனி நான் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவன். அங்கே கதை மாறாது, ஆனால் பாடுகிறவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் உடுக்கையை வேகமாக அடிக்க வேண்டும், யார் கண் கலங்குகிறது, எல்லாம் அவர் பார்வையில் இருக்கும். கதை தெரிந்தவர்கள் என்பதால்தான் அவர் ஒரு அடியை இழுத்து நிறுத்தினாலே இவர்களுக்கு வயிறு கலங்குகிறது. தெரியாதவனுக்கு அந்த இழுப்பு வெறும் இழுப்பு.

உன் வில்லைப் பையும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. உனக்குத் தெரிந்தது பையில் என்ன இருக்கிறது என்பது, தெரியாதது எது எப்போது வரும் என்பது. ஒரு நல்ல திகில் ஆட்டத்தில் ஆட ஆட நமக்குத் தெரிவது கூடிக்கொண்டே போக வேண்டும், அந்தத் தெரிவு பயத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும். பிட்ரேயலில் தெரிந்துகொண்டால் கதை கழிகிறது. டிராகுலாவில் வரைபடம் தெரியத் தெரியத்தான் அவன் எத்தனை வழியில் தப்பலாம் என்று புரிந்து நடுக்கம் வருகிறது. புதிதாக ஆடுகிறவருக்கு அது வெறும் வரைபடம். தனியாக ஆடினாலும் கூட்டமாக ஆடினாலும் இது பொருந்தும். ஆள் வேண்டும் என்று நான் சொன்னது கூட்டமாக ஆடுகிறவர்களுக்கு. தனியாக ஆடுகிறவர்களுக்கு உன் பேச்சை எடுத்துக்கொள்ளட்டும்.

திருப்பூர் அம்மணிக்கு வருகிறேன். டிராகுலா இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நெமசிஸும் பரப்பி வைப்பதையும் சேர்த்தால் அதற்குக் குறையாது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். பரப்பி வைக்கவே அரை மணி ஆகிற எந்த ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு நிற்காது, எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

உங்கள் ஐந்து பேருக்கு நான் சொல்வது ‘மிஸ்டீரியம்’. உக்ரைன்காரர்கள் இருவர் வடிவமைத்தது, 2015இல் இப்போதைய பதிப்பு வந்தது. ஒருவர் ஆவி. அவர் வாய் திறக்கவே கூடாது. செத்தது எப்படி என்று மற்றவர்களுக்குப் படச்சீட்டுகளைக் கொடுத்து உணர்த்த வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குரிய ஆளை, இடத்தை, பொருளை ஏழு மணி நேரத்துக்குள், அதாவது ஏழு சுற்றுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் ஆவி எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு கொடுக்கும். உண்மைக் குற்றவாளி யார் என்று ரகசியமாக ஓட்டுப் போட வேண்டும். பழகிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

பெட்டியில் 84 படச்சீட்டு. கொஞ்ச நாளில் எல்லாப் படமும் பழகிவிடும், சரிதான். ஆனால் கொடுக்கிற ஆள் பழக மாட்டார். எங்கள் வீட்டில் என் சம்சாரம் ஆவி ஆனால் நிறத்தைப் பார்த்துக் கொடுப்பார்; சிவப்புக் கதவு இருக்கிற இடத்துக்குச் சிவப்பாக எதையாவது கொடுப்பார். அக்கா மகன் மூலையில் தெரியாமல் கிடக்கிற ஒரு சாவியை நினைத்துக் கொடுப்பான். அதே சீட்டு, இவர் கொடுத்தால் ஒரு பொருள், அவன் கொடுத்தால் வேறு பொருள். போன வாரம் அவனைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து இந்த வாரம் மூலையைத் தேடினால், நாங்கள் மூலையைத் தேடுவோம் என்று தெரிந்து நடுவில் இருக்கிறதைக் கொடுத்திருப்பான். ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஆட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது.

உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. ஆவியும் மற்றவர்களும் ஒரே பக்கம். மனசில் இருப்பது முகத்தில் தெரிகிறவர் ஆவியானால் மறைப்புத்தட்டிக்குப் பின்னால் உட்காரட்டும், மற்றவர்கள் தப்பாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருப்பது அவருக்கு நல்ல தவிப்பாக இருக்கும். பெட்டியில் 10 வயது என்று போட்டிருக்கிறது. 8 வயதுப் பையன் பெரியவர் ஒருவரோடு ஜோடி சேர்ந்து உட்காரலாம். படம் பார்ப்பதில் பிள்ளைகள் நம்மை விடக் கெட்டி.

பயம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கிவாரிப் போடாது. விளக்கைக் குறைத்துவிட்டு ஆடினால் ஒரு விதமான அமைதி வரும், அவ்வளவுதான்.

அதோடு ஹாரிஃபைட். இதைத் தம்பி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அது இன்னும் கொஞ்சம் மரியாதைக்கு உரியது. 2019இல் வந்தது, ஆறு வகை அரக்கர்கள்: டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைனும் அவன் மணப்பெண்ணும், மம்மி, ஓநாய் மனிதன், காணாமனிதன், ஏரி ஜந்து. எளிதாக ஆட இரண்டு, நடுத்தரம் மூன்று, கடினம் நான்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறில் இரண்டை 15 விதமாக எடுக்கலாம், மூன்றை 20 விதமாக, நான்கை 15 விதமாக. கூட்டினால் 50. பிட்ரேயலிலும் 50 என்று தம்பி சொன்னார். அந்த ஐம்பது தனித்தனியாகப் படித்து முடிக்கிறவை. இந்த ஐம்பதில் அரக்கர்கள் நமக்கு வைக்கிற வேலைகள் ஒன்றோடொன்று முட்டும். டிராகுலாவின் சவப்பெட்டிகளை உடைக்கப் பொருள் சேர்க்க வேண்டும், காணாமனிதனுக்கு எதிராகச் சாட்சிப் பொருள்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இதற்கு நடுவில் அடி விழுந்தால் உயிர் தப்பவும் அதே பொருளைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். எதற்கு வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு கூட்டணிக்கும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நூல்கண்டு, திருப்பூர்

அண்ணா, மிஸ்டீரியம் என்று முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், இப்போதே முடியாது என்கிறார். முதல் ஆவி அவர்தான்.

வால்பாறை அக்கா, நீங்கள் சொன்ன வில்லைப் பை மனசிலேயே நிற்கிறது. சித்தி பெண் ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாள், அவளுக்கு அந்தச் சீட்டாட்டம் சரியாக வருமா?

தேயிலைமழை, வால்பாறை

வரும். 2021இல் திருத்திய முதல் பெட்டி வந்திருக்கிறது, நான்கு பேர் வரை ஆடலாம். அதையே வாங்கச் சொல்லு. பழைய பெட்டி இரண்டு பேருக்குத்தான். முதலில் எளிது நிலையில் பையை நிரப்பட்டும். அத்தியாயம் தோற்றாலும் கதை நிற்காமல் அடுத்ததற்குப் போகும், அதனால் தோற்றவுடன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லு. அந்தத் தோல்வியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவதில்தான் அந்த ஆட்டமே இருக்கிறது.

மஞ்சள்மண்டி, ஈரோடு

கோபி அண்ணா, 15ம் 20ம் 15ம் கூட்டி நான் பார்த்ததே இல்லைங்க. கதை எண்ணிக்கை முக்கியம் என்று இன்னும் நினைக்கிறேன், விடோஸ் வாக்கில் எங்களுக்குக் கிடைத்த சில ராத்திரிகள் வேறு எதிலும் கிடைக்கவில்லை. அதை அப்புறம் பேசலாம்.

திருப்பூர் அக்கா, ஹாரிஃபைட்டை வாங்க வேண்டாம். நான் வாரா வாரம் மண்டி வேலையாகப் பெருந்துறை வரை வருகிறேன், அங்கே வைத்துக் கொடுத்துவிடுகிறேன். தீபாவளி வரைக்கும் வைத்து ஆடிப் பாருங்க. முதல் தடவைக்கு டிராகுலாவையும் ஏரி ஜந்தையும் மட்டும் எடுங்க, மம்மியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ஊர்க்காரர் காய் ஒன்றுக்கு அடித்தட்டு இல்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.